ஏலக்காரன் சொன்ன சாட்சி

ஜனவரி 3, புதன்

துறையில் மீன் ஏலம் கூறுகிறவன் என்ற மரியாதைக்கு ஐஸ் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் எனக்கொரு டைரி தருவார்கள். என் பெண்டாட்டி பிலோமினாள் அதைக் கிழித்து அப்பளம் உலர்த்த விரித்துக்கொள்வாள். இந்த வருஷம் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எழுதப் போகிறேன். காரணம் என் அக்கா மகன் ஜெனிஷ்.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் மனசு உடைந்தவர்களோடு பேசுகிற சிஸ்டர் யூஜினா, வீட்டில் ஒருவர் அவனைக் கவனித்துத் தினமும் குறித்து வைக்க வேண்டும் என்றார். தூங்கினானா, தின்றானா, எதைக் கண்டு பயந்தான் என்று. அக்கா மெற்றில்டா பத்தாவது வரை போனவள், பேனாவுக்குக் கை நீட்டினாள். நான் விடவில்லை. நான் ஏழாவதோடு நின்றவன்தான். ஆனால் நான் நின்ற அன்று தலைமையாசிரியர் பள்ளிக்கூட வாசலில் நின்று அழுதார். அதைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை.

விவரம் இதுதான். டிசம்பர் தொடக்கத்துக் காற்றில் விசைப்படகு கவிழ்ந்தது. போன ஐந்து பேரில் உயிரோடு கரைக்கு வந்தவன் ஜெனிஷ் மட்டும். காலியான வெள்ளை டீசல் கேன் ஒன்றைக் கட்டிப்பிடித்து மிதந்தவனைக் கேரளாப் படகு ஒன்று தூக்கியது. கடைசிவரை அதே கேனில் அவனோடு கிடந்தவன் சுபின். பக்கத்து ஊர் புன்னைத்துறைக்காரன். ஜெனிஷுக்குக் கூடப் பிறக்காத அண்ணன். சுபின் கிடைக்கவே இல்லை. அவன் கல்யாணச் சட்டையைப் பெட்டியில் வைத்து அடக்கினார்கள். அவனுக்குப் பெண்டாட்டி ஷைனி, ஒரு சின்னப் பெண்குழந்தை.

இன்று கவனித்தது: கஞ்சி குடித்தான். தூங்கவில்லை. ஃபேன் போட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறான். அந்த ஃபேன் அக்கா புருஷன் வாங்கியது. எனக்கும் பிடிக்காது.

ஜனவரி 5, வெள்ளி

அக்கா குடிதண்ணீர் பிடித்து வைக்கும் கேன்கள் எல்லாம் மணலில் கிடந்தன. யார் வீசியது என்று கேட்க வேண்டியதில்லை. எல்லாம் வெள்ளைக் கேன்கள். அக்கா அழுதாள். நான் உடனே எங்கள் வீட்டுச் சிவப்புக் குடங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தான் கொடுத்தனுப்பியதாகப் பிலோமினாள் சொல்லிக்கொண்டு திரிகிறாள். குடம் அவளுடையது, யோசனை என்னுடையது.

குளிக்கிறான், ஆனால் தலைக்கு ஊற்றமாட்டான். துணியை நனைத்துத் துடைத்துக்கொள்கிறான். வலது கையை மட்டும் சோப்புப் போட்டு அலம்பி, மறுபடி சோப்புப் போட்டு அலம்பி, தோல் உரிந்து கிடக்கிறது. ஏன் என்று கேட்டேன். மீன் வாடை என்றான். தொழிலுக்கே போகாதவன் கையில் என்ன மீன் வாடை.

ஜனவரி 9, செவ்வாய்

என் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். போகிற வழியில் லாரிகளை எல்லாம் முந்தினேன். ஒரு லாரிக்காரன் எனக்குச் சல்யூட் அடித்தான்.

டாக்டர் மாத்திரை எழுதினார். சிஸ்டர் யூஜினா எங்களை உட்கார வைத்து விளக்கினார். "மனசு கரையேறிட்டு. ஒடம்பு இன்னும் தண்ணியிலதான் கெடக்கு. ஃபேன் சத்தம் அதுக்கு இஞ்சின் சத்தம். கேனக் கண்டா அதே கேன். அவன் வேணும்னு நெனச்சு வரவழைக்கிறதில்ல, அதுவா வருது. சொல்லுன்னு நெருக்கவும் கூடாது, மறந்துருன்னு அடக்கவும் கூடாது. அவனுக்குச் சொல்லத் தோணுறப்ப, தோணுற ஆளுகிட்ட, தோணுற அளவு சொல்லட்டும்."

பயம் வரும்போது செய்ய ஒரு வழியும் சொன்னார். குதிகாலைத் தரையில் அழுத்தி நிற்க வேண்டும். கண்ணுக்குத் தெரிவதை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காதில் விழுவதைச் சொல்ல வேண்டும். இன்றைக்கு என்ன கிழமை என்று சொல்ல வேண்டும். இதற்கா பெங்களூர் போய்ப் படித்தீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். என்னைப் போல ஒரு ஆளை அவர் அங்கே பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் பஸ் ஒன்று பக்கத்தில் ஹாரன் அடித்தது. பின்னால் இருந்தவன் என் இடுப்பை இறுக்கிப் பிடித்தான். எலும்பு நொறுங்குகிற பிடி. வண்டியை ஓரம் கட்டினேன். இறக்கி நிறுத்தி, என்ன தெரிகிறது என்று கேட்டேன். மூச்சு வாங்கியது. அப்புறம் மெல்லச் சொன்னான். "மாமா சட்ட. சட்டையில ஓட்ட." நான் சிரிக்க, அவனும் சிரித்தான். கரைக்கு வந்த பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது இன்றைக்குத்தான். பிலோமினாளிடம் அந்தச் சட்டையைத் தைக்காதே என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 12, வெள்ளி

மழை. அக்கா வீட்டுக் கூரை ஒழுகியது. அவன் காதைப் பொத்திக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே தூண்டிலில் நான் திருக்கை மீன் பிடித்த கதையைச் சொன்னேன். மழை நிற்கும்வரை திருக்கை வளர்ந்துகொண்டே போனது.

ஜனவரி 16, செவ்வாய்

இன்று மத்தியானம் ஏலக்கூடத்தில் ஆள் இல்லை. வலைக்குவியல் மேல் உட்கார்ந்திருந்தான். நான் பீடி பற்ற வைத்தேன். மாமா, ஒண்ணு சொல்லணும் என்றான். முதலில் சத்தியம் வாங்கினான். "இத நான் மைனிகிட்ட என் வாயால சொல்லணும். சொன்னாத்தான் எனக்கு விடியும். இப்ப தெம்பில்ல. அதுவரைக்கும் நீங்க வாயத் தெறக்கக் கூடாது." சுபின் அண்ணன் முறை என்பதால் ஷைனியை அவன் மைனி என்றுதான் கூப்பிடுவான்.

அந்தோணியார் மேல் சத்தியம் பண்ணினேன். சொன்னான். கேனில் கிடந்த கடைசி இரவைப் பற்றி. அதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் சத்தியம் என்னாவது.

இவ்வளவு பேர் இருக்க என்னிடம் ஏன் சொன்னாய் என்று கேட்டேன். "நீங்க எதச் சொன்னாலும் ஊர்ல ஒருத்தரும் நம்பமாட்டாங்க மாமா. அதான்." இதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். சொன்ன பிறகு வலை மேலேயே தூங்கிவிட்டான். நல்ல தூக்கம். ஈ விரட்டிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். பீடி அணைந்துவிட்டது, மறுபடி பற்ற வைக்கத் தோன்றவில்லை.

ஜனவரி 17, புதன்

இரண்டு தோசை. தூக்கம் உண்டு. கை அலம்பியது குறைவு.

ஜனவரி 21, ஞாயிறு

எங்கள் தெருவுக்கு ஒரு அன்பியம் உண்டு. ஞாயிறு மாலை ஏதாவது ஒரு வீட்டில் கூடிச் செபிப்போம். ஆபத்தில் பிழைத்தவர் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும் என்பது எங்கள் கரை வழக்கம். கடவுள் காப்பாற்றியதை வாய்விட்டுச் சொல்லாதவன் நன்றி கெட்டவன் என்று ஊர் நினைக்கும். இவன் வந்து இத்தனை வாரமாகியும் சொல்லவில்லை என்று பெண்கள் முணுமுணுத்தது அக்கா காதுக்கும் வந்திருந்தது.

இன்று கேட்டுவிட்டார்கள். எழுந்தான். வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. வலது கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றான். எத்தனை கண்கள் அவன் மேல். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. என் மருமகனுக்குப் பதில் நான் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன்.

இரண்டு வார்த்தைதான் சொல்ல நினைத்தேன். ஆனால் கூட்டம் மூச்சை அடக்கிக் கேட்கிறது. ஏலம் கூறுகிறவன் தொண்டை அது, கூட்டத்தைக் கண்டால் தானாக ஏறும். நடுக்கடலில் இருட்டில் ஒரு வெளிச்சம் தெரிந்தது என்றேன். அந்த வெளிச்சத்தின் பின்னாலேயே கேன் மிதந்து போனது என்றேன். எதிர்வீட்டுக் கிழவர் விம்மினார். ஜெனிஷ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். சத்தியத்துக்குப் பங்கம் இல்லை. நடந்ததைச் சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம். நடக்காததைச் சொல்ல என்ன தடை.

ஜனவரி 28, ஞாயிறு

கோவிலில் பூசை முடிந்து மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். அன்பியத்தில் கேட்டவர்கள் போய்ப் பங்குச் சாமியாரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஜெனிஷைப் பீடத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

போன வாரம் சொன்னதையே சொன்னால் யார் கேட்பார்கள். கேட்ட விலையிலேயே நிற்கிறவன் ஏலக்காரனா. வெளிச்சத்துக்குள் நீல முக்காடு தெரிந்தது. நடுக்கடலில் பிச்சிப்பூ மணத்தது. மாதா தண்ணீர் மேல் நடந்து வந்து, சுபினின் கையை ஜெனிஷின் கையிலிருந்து தாமே வாங்கிக்கொண்டாள். இவனை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கரைக்குப் போ என்றாள். இதைச் சொல்லும்போது எனக்கே மயிர் கூச்செறிந்தது. என் வாயிலிருந்து இப்படி ஒன்று வரும் என்று நானே நினைக்கவில்லை.

கோவில் முழுக்க அழுகை. ஒரு பெரியவர் முட்டி போட்டு ஜெனிஷின் வலது கையை முத்தமிட்டார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. எனக்குப் பொன்னாடை போட்டார்கள்.

அவன் கோவிலுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். உபவாசம் இருக்கிறான் என்று கேட்டவர்களிடம் சொன்னேன்.

என் வாழ்நாளில் நான் சொன்ன ஒன்றை ஊர் முழுவதும் நம்பியது இன்றைக்குத்தான். பிலோமினாள் மட்டும் சோறு போடும்போது, அவன் முகத்த ஒருக்கா பாத்தீங்களா என்று கேட்டாள். பொறாமை.

ஜனவரி 31, புதன்

கையைத் தொட்டுப் போக ஆட்கள் வீட்டுக்கே வருகிறார்கள். காய்ச்சல் கண்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மாத்திரைப் பெட்டியை அலமாரிக்குப் பின்னால் தள்ளி வைக்கும்படி அக்காவிடம் சொன்னேன். மாதா கைதொட்ட ஆள் மாத்திரை விழுங்குகிறான் என்றால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள். நேரத்துக்குக் கொடுத்தால் போதாதா.

ஃபேன் இல்லாமலும் தூங்கவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

இன்று ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள். கிழக்கே ஒரு ஊரில் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு தடவை போகாவிட்டால் சிஸ்டர் ஓடிவிடமாட்டார் என்று அவனை அங்கே கூட்டிப் போனேன்.

திரும்பி வந்ததும் கிணற்றடியில் கை அலம்பிக்கொண்டே பேசினான். குரல் உயர்த்தவில்லை. "நா சொன்னது என்ன, நீங்க சொல்றது என்ன மாமா?"

நான் சத்தியம் மீறினேனா, ஒரு சொல் வெளியே விட்டேனா என்று கேட்டேன்.

"விடல. அதுக்கு மேல வீடு கட்டிட்டீங்க. இனி நா எப்பிடி மைனிகிட்ட போய் உள்ளதச் சொல்லுவேன்?"

ஏன் சொல்ல வேண்டும் என்று நியாயம் கேட்டேன். மாதா கையில் போனான் என்று அவள் நிம்மதியாக இருந்தால் யாருக்கு என்ன நட்டம். உனக்கும் நல்ல பேர். அவன் சோப்பை எடுத்துக்கொண்டான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நன்றி என்பது கிடையாது.

பிப்ரவரி 11, ஞாயிறு

புன்னைத்துறையிலிருந்தே அழைப்பு. அடுத்த ஞாயிறு, தவக்காலத் தியானத்தில். சுபினின் சொந்தக் கோவில். ஷைனி முன்வரிசையில் இருப்பாள்.

அவன் வரமாட்டான் என்று நினைத்தேன். வருகிறேன் என்றான். ஆனால் முதலில் மைனி வீட்டுக்கு, அப்புறம்தான் கோவில் என்றான். அக்காவோடு பஸ்ஸில் போய் சிஸ்டரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான், எனக்குச் சொல்லாமல். எப்படிச் சொல்வது, நடுவில் பயம் வந்தால் எப்படி நிறுத்துவது, அவள் கோபப்பட்டால் எப்படி நிற்பது என்று சிஸ்டர் முன்னால் சொல்லிப் பார்த்திருக்கிறான். சரி என்றேன். முதலில் வீடு, அப்புறம் கோவில்.

பிப்ரவரி 14, புதன்

சாம்பல் புதன், தவக்காலம் தொடக்கம். கவிச்சி இல்லை, ஏலம் மந்தம். அக்கா வீட்டுப் பின்புறம் போனபோது சுவரைப் பார்த்து அவன் பேசிக்கொண்டிருந்தான். மைனி, ஒண்ணு சொல்லணும். மைனி, ஒண்ணு சொல்லணும். நான் இருமினேன். நிறுத்திவிட்டான்.

பிப்ரவரி 18, ஞாயிறு

எழுதக் கை ஓடவில்லை. இருந்தாலும் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

வழியில் வண்டி மக்கர் பண்ணியது. நேரமாகிவிட்டது. அதனால் நேரே கோவிலுக்குப் போக வேண்டி வந்தது. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அக்காவிடம் அவன் சொன்னானாம். வண்டியைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும். வாசலில் இறங்கியதும், மைனி வீடு என்றான். முடிந்ததும் போகலாம் என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன். அந்தக் கை குளிர்ந்து கிடந்தது.

நல்ல கூட்டம். வாசல்வரை ஆள். இதுவரை சொன்னதிலேயே இன்றுதான் உச்சம். சுபின் சொந்த ஊர் இல்லையா, அவனுக்கும் இரண்டு வார்த்தை கொடுத்தேன். மாதாவின் கையைப் பிடித்துக்கொண்டு போகும்போது அவன் திரும்பிப் பார்த்து, ஷைனியையும் பிள்ளையையும் பார்த்துக்கொள் என்று சொன்னதாகச் சொன்னேன். ஒரு குண்டூசி விழுந்தால் கேட்கும்.

ஷைனி எழுந்து வந்தாள். வெள்ளைச் சேலை. குழந்தை அவள் முந்தானையைப் பிடித்திருந்தது. ஜெனிஷின் வலது கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குழந்தையிடம், அப்பாவ மாதாகிட்ட குடுத்த கை மக்களே, முத்தம் குடு என்றாள். குழந்தை முத்தம் கொடுத்தது.

நான் அவர்கள் பக்கத்திலேயே நின்றேன். மைக் என் கையில். அணைக்கவில்லை. இந்த நேரத்தில் யாருக்கு அது ஞாபகம் வரும்.

ஜெனிஷ் குதிகாலைத் தரையில் அழுத்துவது தெரிந்தது. அவளிடம் மட்டும்தான் பேசினான், ரகசியம் போல. கோவில் முழுக்கக் கேட்டது.

"மைனி, மாதா வரல. யாரும் வரல. அவனுக்கு உப்புத்தண்ணி குடிச்சுப் புத்தி பெரண்டுட்டு. கர தெரியுது, வா போலாம்னு கேனப் புடிச்சு இழுத்தான். ரெண்டு பேரும் முங்கினோம். மறுபடியும் முங்கினோம். நான்தான் அவன் வெரல எடுத்து விட்டேன். ஒவ்வொண்ணா. இந்தக் கையாலதான். அவன் எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டேதான் போனான்."

ஷைனி அவன் கையை உடனே விடவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விட்டாள். விட்டுவிட்டு அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"இது ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?"

அப்போது பார்த்து மைக் கீச்சென்று கத்தியது. அதனால் பதில் சொல்ல முடியவில்லை.

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடுவழியாக வெளியே போனாள். யாரும் விலகச் சொல்லாமலே கூட்டம் விலகியது. ஜெனிஷ் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். அழவில்லை. மூச்சு மட்டும் சீராக விட்டுக்கொண்டிருந்தான்.

என்ன செய்தான் பார்த்தீர்களா. தூக்கி வளர்த்தவன் நான். சுண்டுவிரல் பிடித்துக் கடலுக்குள் முதன்முதலாகக் கூட்டிப் போனவன் நான். அத்தனை பேர் முன்னால் என் காலை வாரிவிட்டான். தனியாகச் சொல்லியிருக்கக் கூடாதா.

பிப்ரவரி 19, திங்கள்

பொன்னாடைகளைப் பிலோமினாள் மடித்து வாசலில் வைத்திருக்கிறாள். வேண்டியவர்கள் எடுத்துப் போகட்டுமாம்.

அவள் இன்று பேசியது ஒரே வார்த்தை: "தெரிஞ்சுமா?" காற்று அடித்ததில் அன்றைக்கு ஏலக்கூடத்தில் அவன் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரி 22, வியாழன்

ஏலத்தில் ஒரு கூடை வாளைக்கு விலை சொன்னேன். மலையாளத்து வியாபாரி கேட்டான், "மீன் எவ்வளவு, மாதா எவ்வளவு ஓய்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் தோற்றதாகிவிடும்.

முன்பெல்லாம் என்னை நம்பாமல் சிரிப்பார்கள், அதில் ஒரு அன்பு இருக்கும். இது வேறு சிரிப்பு.

பிப்ரவரி 24, சனி

அவனைப் பற்றித்தானே குறிக்க வேண்டும், குறிக்கிறேன். ஊர் இரண்டாகிவிட்டது. கொன்றவன் என்று சிலர். அந்த இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று சிலர். முன்பு கடலில் கிடந்து பிழைத்த பெரியவர்கள் இரண்டு பேர், இதைவிடக் கேடானதெல்லாம் கடலில் உண்டு, வெளியே சொன்னதில்லை அவ்வளவுதான் என்று அக்கா வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்களாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. பிலோமினாள் வழியாக வந்தது.

கையைத் தொட இப்போது யாரும் வருவதில்லை. மாத்திரைப் பெட்டி ஜன்னல் மேல், எல்லோரும் பார்க்க இருக்கிறது.

பிப்ரவரி 27, செவ்வாய்

அக்காவும் அவனும் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போனார்கள். வண்டியோடு நிறுத்தத்தில் நின்றேன். அக்கா தலையசைத்தாள். அவன் பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

தூங்கினானா, தின்றானா என்று தெரியவில்லை. வேலி வழியாகப் பார்த்ததில், சாயங்காலம் தோளில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினான். தலைக்கு இல்லை, தோளுக்கு.

மார்ச் 2, சனி

ஷைனி அக்காவுக்கு ஃபோன் பண்ணியிருக்கிறாள். நாளைக்கு ஜெனிஷ் வர வேண்டும், தனியாக. முதலிலிருந்து கடைசிவரை அவன் வாயால் கேட்க வேண்டுமாம்.

மார்ச் 3, ஞாயிறு

என் வண்டியில் ஏறவில்லை. பஸ்ஸில் போனான். நான் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனேன். ஒரு ஆண்துணை வேண்டாமா. அங்கே அவளுடைய அண்ணன் தம்பிகள் இருந்தால் அடி விழாதா.

வீட்டு வாசலில் ஷைனி நின்றாள். அவனை உள்ளே விட்டாள். பின்னால் நான் செருப்பைக் கழற்றினேன். அவள் கதவில் கை வைத்துக்கொண்டாள்.

"நீங்க வரண்டாம். நீங்க வந்தா இது கதையாப் போயிரும்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு வார்த்தை வைத்திருந்தேன்.

எதிர்ப்பக்க டீக்கடையில் உட்கார்ந்தேன். கதவு சாத்தியிருந்தது. சத்தம் ஒன்றும் இல்லை. ஒரு தடவை அவள் அழுவது கேட்டது போலிருந்தது, இல்லை அவனா. டீ ஆறி ஆடை படிந்தது. கடைக்காரர் யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டார். என் மருமகன் உள்ளே இருக்கிறான் என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை. எனக்கு ஒன்றும் வரவில்லை என்பதை என் ஊரில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

கதவு திறந்தது. அவன் மட்டும் வந்தான். கண் வீங்கியிருந்தது. வாசலில் நின்று சுற்றிலும் பார்த்தான், உதடு அசைந்தது. தெரிவதை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொள்கிறான் என்று புரிந்தது. என் பக்கமும் பார்த்தான். என்னைச் சொன்னானா, விட்டுவிட்டானா தெரியவில்லை.

பக்கத்தில் போய், அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"அத ஒங்ககிட்ட சொல்லமாட்டேன் மாமா."

மாமா என்றுதான் கூப்பிட்டான். மரியாதை குறையவில்லை. வலது கையை ஒளிக்கவில்லை, வீசி நடந்தான். பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 4, திங்கள்

இன்று துறை முழுக்க ஒரே கேள்வி. ஷைனி அவனிடம் என்ன சொன்னாள், மன்னித்தாளா, சபித்தாளா, நீர் அங்கேதானே இருந்தீர் ஓய், சொல்லும் என்று என்னைச் சுற்றி நின்றார்கள். மலையாளத்து வியாபாரிகூடக் கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்தான்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரியும், ஆனால் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.